முகமே இல்லாத பேனர்

டிசைன் படிப்பின் முதல் வகுப்பில் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

மரிய ஆல்பர்ட் சார் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைத் தாளையும், கறுப்பு சார்ட்டில் வெட்டிய கொஞ்சம் சதுரங்களையும் கொடுத்தார். எல்லாம் ஒரே அளவு.

"இந்தச் சதுரங்களை மட்டும் வெச்சு 'கூட்டம்'னு ஒரு படம், 'தனிமை'ன்னு ஒரு படம் செய்யுங்க. பேனா எடுக்கக் கூடாது. எதை எங்க ஒட்டுறீங்கங்கிறதுதான் விஷயம்" என்றார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கையைத் தூக்கினார்.

"சார், இதுல யாரு பெரியப்பா?"

சாருக்குப் புரியவில்லை. "என்னங்க?"

"எல்லாம் ஒரே சைஸா இருக்கே சார். யாரு பெரியவங்க, யாரு சின்னவங்கன்னு தெரிஞ்சாத்தானே மேல கீழ வைக்க முடியும்?"

"யாரும் இல்லைங்க. வெறும் சதுரம்."

"சரி. அப்ப நடுவுல யாரை வைக்கட்டும்?"

"நடுவுல ஒண்ணுமே வைக்காமக்கூட விடலாம். இடம் விட்டுப் பழகுங்க."

"யாருக்கு சார்?"

வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சாரும் சிரிக்காமல் அவர் மேசைக்கு அருகில் வந்து கேட்டார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஃப்ளெக்ஸ் கடைங்க சார். அரியலூர்ல. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லாத்துக்கும் டிசைன் நான்தான் போடுறேன்."

"ஓ" என்றார் சார். பிறகு அந்தச் சதுரங்களில் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "இவரு யாருக்கும் சொந்தம் இல்ல. இன்னைக்கு ஒரு நாள் அப்படி நெனச்சுக்கங்க" என்றார்.

"பாவம் சார்" என்றார் அக்கா.

அவர் பெயர் கமலவேணி. பிறந்தது மீன்சுருட்டி, வாழ்க்கைப்பட்டது அரியலூர். கணவர் ராஜராஜன் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி சனி, ஞாயிறுகளில் நடத்தும் ஓராண்டு டிசைன் படிப்பில் நாங்கள் இருவரும் சேர்ந்திருந்தோம். நான் ஏலாக்குறிச்சியிலிருந்து அரியலூர் வந்து பஸ் மாறுவேன். அக்கா அங்கே ஏறுவார். சார் கொடுக்கும் புராஜெக்ட் தாள்கள் ஆங்கிலத்தில் இருந்ததால், பஸ்ஸிலேயே நான் அவற்றைத் தமிழில் சொல்லிவிடுவேன். அதற்குக் கைம்மாறாக அக்கா எனக்குச் சக பயணிகளை அறிமுகப்படுத்துவார்.

"அந்த நீலச் சட்டை இருக்காரே, அவங்க சித்தப்பா அஞ்சலியில ரெண்டாவது வரிசை. கண்ணாடியைக் கழட்டச் சொன்னாரு, நான்தான் கழட்டிவிட்டேன். அந்தம்மாவுக்கு நான் கம்மல் போட்டுவிட்டிருக்கேன். அசல்ல இல்ல பாரு."

"அவங்களுக்கு உங்களைத் தெரியுமாக்கா?"

"எப்படித் தெரியும்? பேனர்ல என் மூஞ்சி இல்லையே."

கடையில் வெள்ளிக்கிழமை வரை வேலை நெருக்கும். ஞாயிறு முகூர்த்தங்களுக்கான பேனர்கள் எல்லாம் அதற்குள் அச்சாகிப் போய்விட வேண்டும். சனிக்கிழமை காலையில் கண்கள் சிவந்து வருவார். ஆனாலும் வகுப்பில் ஒருமுறைகூட அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரில் பழகிய கைக்குக் கத்தரியும் பசையும் எளிதில் படியவில்லை. கோடுகளை மட்டும் வைத்து மழையும் காற்றும் காட்ட வேண்டிய புராஜெக்டில் ஒரு தாளைத் தவறாக வெட்டிவிட்டு, "கத்தரிக்கோலுக்குக் கன்ட்ரோல் இசட் இல்லையே சார்" என்று அலுத்துக்கொண்டார். வெட்டியது வெட்டியதுதான். அடுத்த தாளை எடுத்தார். அதுவும் போனது. அதற்கடுத்ததை எடுத்தார். நாங்கள் எல்லாரும் முதல் முயற்சிக்கே காரணம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, அவர் தன்னுடையதைச் சுவரில் ஒட்டிவிட்டு வகுப்பின் கடைசி வரை நடந்து போய், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் தானே போய்க் கிழித்துவிடுவார். சார் குறை சொன்னால் முகம் வாடாது. "கஸ்டமருங்க திட்டுற மாதிரி நீங்க திட்டலையே சார். நீங்க காரணத்தோட திட்டுறீங்க" என்பார்.

இடம் விடுவதுதான் அவருக்கு வெகு நாள் வரவில்லை. எதைச் செய்தாலும் தாள் நிரம்பிவிடும். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை மிஞ்சினால் அங்கே அவர் கை தானாகப் போய் எதையாவது ஒட்டும். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். அப்போதுதான் தன் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் நடந்த கதையைச் சொன்னார்.

எங்கள் பக்கத்துப் பேனர்களைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் சட்டம் தெரியும். வீட்டுப் பெரியவர்கள் மேலே, பெரிதாக. பங்காளிகள் ஒரு பக்கம், சம்பந்திகள் ஒரு பக்கம். தாய்மாமனுக்குத் தனி இடம். குழந்தைகள் கீழே, பூக்களுக்கு நடுவில். அளவில் அரை விரல் குறைந்தாலும் மண்டபத்து வாசலில் சண்டை வரும். முகமே விட்டுப்போனால் பேச்சே நின்றுபோகும்.

போன ஆவணியில் அக்காவின் புகுந்த வீட்டில் புது வீடு கட்டிக் குடிபோனார்கள். பேனரை அக்காவே செய்தார். அவருக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன், கலைவாணன். மீன்சுருட்டியில் விவசாயம். மீசையைத் திருத்திப் புதுப் படம் எடுத்து அனுப்பி, இதைப் போடு என்று சொல்லியிருந்தார். பேனரில் வைத்திருந்த பழைய படத்தை அக்கா நீக்கினார். புதியதை வைப்பதற்குள் அவசர அஞ்சலி ஒன்று வந்துவிட்டது. அதை முடித்துவிட்டுத் திரும்பியவர், வீட்டுப் பேனரை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார். அண்ணன் இருக்க வேண்டிய இடத்தில், படத்துக்குப் பின்னால் அலங்காரத்துக்காக வைத்திருந்த ரோஜாப்பூ மட்டும் இருந்தது.

"தட்டுல சீரை வெச்சுத் தூக்கிட்டு, பொண்டாட்டியோட வந்தாரு. வாசல்ல நின்னு பேனரைப் பாக்குறாரு, பாக்குறாரு. எங்க வூட்டுக்காரரோட பங்காளி ஒருத்தர் சும்மா இருக்காம, 'என்ன மச்சான், ரோஜாப்பூவா மாறிட்டீங்க'ன்னுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணன் தட்டைத் தரையில வெச்சாரு. சாப்பிடாம போயிட்டாரு."

"நீங்க சொல்லலையா, தவறிப்போச்சுன்னு?"

"ஊரு பூரா மூஞ்சியை விடாம ஒட்டுறவ, கூடப் பொறந்தவன் மூஞ்சியை விட்டேன்னா எவன் நம்புவான்?"

அதன் பிறகு அவர் அண்ணன் அரியலூர்ப் பக்கம் வரவில்லை. இப்போது குழந்தைக்கு மாசியில் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் ஊர்களில் எந்தக் குழந்தைக்கும் காது குத்துவதில்லை. அக்காவும் ராஜராஜனும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க மீன்சுருட்டி போனார்கள். அண்ணன் வாங்க என்றார், தண்ணீர் கொடுத்தார், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். வருவாரா என்று கேட்டதற்குப் "பாக்கலாம்" என்றார். அடுப்படியில் அண்ணி மஞ்சுதான் உண்மையைச் சொன்னார்.

"அவரு வரமாட்டாரு கமலா. நேத்துக்கூட கேட்டேன். அந்த ரோஜாப்பூ மடியில உக்கார வெச்சு காது குத்திக்கச் சொல்லுங்கறாரு."

திரும்பும் வழியில் ராஜராஜன், "உங்க பெரியப்பா மவன் ஒருத்தரு சும்மாத்தானே இருக்காரு, அவரை உக்கார வெப்போம்" என்றாராம். "எங்க அண்ணன் உசுரோட இருக்காரு" என்று அக்கா சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அந்த வாரம்தான் சார் கடைசி புராஜெக்டைக் கொடுத்தார். பொது இடத்தில் உண்மையாகவே தொங்கப்போகிற ஒன்றை வடிவமைக்க வேண்டும். இரண்டே நிறம். வரைந்ததைப் போலவே வரையாமல் விட்ட இடமும் பேச வேண்டும். நான் தாளைப் படித்துச் சொல்லி முடித்ததும், அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரம்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சொன்னார்: "பாப்பா காதுகுத்துக்குப் பேனர் போடப் போறேன். ஒரு மூஞ்சிகூட இருக்காது."

யோசனை இதுதான். பேனர் முழுக்க ஒரே நிறம். நடுவில் அச்சே ஏறாத வெள்ளை இடம், சம்மணம் போட்டு உட்கார்ந்த ஒரு ஆளின் வடிவத்தில். அந்த வெள்ளை மடியில் சின்னதாக, மறுபடி அடர் நிறத்தில், மொட்டைத் தலைக் குழந்தை ஒன்று. வேறு யாரும் கிடையாது.

முதலில் கறுப்பில் செய்தார். மாமியார் கலியம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

"காதுகுத்துக்குக் கறுப்பா? ஏன்டி, உனக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா? மூஞ்சியும் இல்ல. எழவு வூட்டுப் போஸ்டருக்கே மூஞ்சி போடுறாங்கடி!"

கறுப்பு அரக்கு நிறமாயிற்று. மூஞ்சி விஷயத்தில் அக்கா அசையவில்லை. கடைசியில் செத்துப்போன மாமனாரின் பெயரை மட்டும் கீழே எழுதுவது என்று சமாதானம் ஆனது.

கடை முதலாளி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு, "உன் இஷ்டம்மா. ஆனா கீழ நம்ம கடை பேரைப் போட்டுறாத" என்று சொல்லிவிட்டுப் போனாராம். எல்லாப் பேனரிலும் கடையின் பெயரையும் போன் நம்பரையும் போடச் சொல்லி நச்சரிக்கிற மனிதர் அவர்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் பிறகு நடந்த வேலைதான். கடையில் மிஞ்சும் ஃப்ளெக்ஸ் துண்டுகளை வகுப்புக்குக் கொண்டுவந்து, அண்ணனின் வடிவத்தைக் கையால் வெட்ட ஆரம்பித்தார். முதலில் வெட்டியது அய்யனார் சிலை மாதிரி இருந்தது. அடுத்தது மண்பானை மாதிரி. அதற்கடுத்தது அழகாகவே வந்தது. சார் வெகு நேரம் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு. ஆனா இது யாரோ ஒரு மாமா. உங்க அண்ணன் இல்ல" என்றார்.

"உங்களுக்கு எங்க அண்ணனைத் தெரியாதே சார்?"

"தெரியாது. அதான் சொல்றேன். தெரியாத எனக்கும் இவரை வேற யாருன்னு வேணும்னாலும் நெனைக்க முடியுது."

அக்கா போனில் அண்ணன் படங்களைத் தேடினார். தலையில் துண்டுடன், டிராக்டர் மேல், கோயில் வாசலில். வெட்டும் உருவத்தின் தோளைச் சாய்த்துப் பார்த்தார். துண்டை மடித்துப் போட்டுப் பார்த்தார். வயிற்றைக் கொஞ்சம் கூட்டினார். ஒவ்வொன்றையும் சுவரில் ஒட்டி, தூரப் போய்ப் பார்த்து, தலையை ஆட்டி, வந்து எடுத்தார். தரை முழுக்கத் தலையில்லாத, தோளில்லாத மனிதர்கள் கிடந்தார்கள். இரண்டு வாரம் அப்படிப் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தன் தலையிலேயே தட்டிக்கொண்டார்.

"காது! எங்க அண்ணனுக்குக் காது ரெண்டும் விடைச்சுக்கிட்டு நிக்கும் ஷாலினி. ஸ்கூல்ல எல்லாரும் புடிச்சு இழுப்பாங்க. அவரு அனுப்புற எல்லாப் போட்டோவுலயும் நானே அதை உள்ள தள்ளித் தள்ளி அழகு பண்ணி வெச்சிருக்கேன் பாரு."

தலையின் இருபுறமும் சின்னதாக இரண்டு வளைவுகளைக் கூட்டினார். அவ்வளவுதான். நான் கலைவாணன் அண்ணனை அதுவரை பார்த்ததில்லை. ஆனால் சுவரில் இருந்தது இனி வேறு யாராகவும் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அந்தப் புராஜெக்ட் முடியும்வரை சார் அதைச் சுவரிலிருந்து எடுக்க விடவில்லை.

ராஜராஜனுக்குத்தான் பயம். மண்டபத்து வாசலில் பேனரைக் கட்டும்போதும் சொன்னாராம்: "இதுல இருக்கிறதே ஒருத்தருதான். அந்த ஒருத்தரும் வரலைன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? ஊரே சிரிக்கும்."

"போன தடவை அவரைப் பாத்து சிரிச்சாங்க. இந்த தடவை என்னைப் பாத்து சிரிக்கட்டும்."

காதுகுத்து அன்று நான் சீக்கிரமே போயிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று பேனரில் தங்கள் முகத்தைத் தேடினார்கள். பழக்கம் அது. கிடைக்காமல் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் முகமும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு மாதிரி சமாதானமாகி உள்ளே போனார்கள். கொஞ்சம் பேர் முணுமுணுத்தார்கள். ரோஜாப்பூ என்று கேலி செய்த பங்காளி மட்டும் சத்தமாகச் சொன்னார்: "இது நம்ம கலைவாணன் மச்சான் காது!" சொன்னதோடு நிற்காமல் போனில் படம் எடுத்து, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டும் விட்டார்.

குழந்தைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியாயிற்று. ஆசாரி தங்கக் கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் நழுவுகிறது என்று கலியம்மாள் இரண்டு முறை வந்து சொன்னார். பெரியப்பா மகன் புது வேட்டியில் தயாராகவே இருந்தார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றார்.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

கலைவாணன் அண்ணன் வயலிலிருந்து நேராக வந்திருந்தார். கைலி, சேறு காய்ந்த கால், கையில் போன். பின்னால் மஞ்சு அண்ணி பட்டுப்புடவையில் இருந்தார். அவர் மட்டும் ஏற்கெனவே கிளம்பி நின்றிருப்பார் போல. அண்ணன் வண்டியிலிருந்து இறங்காமலே பேனரைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

"இது யாரு?" என்றார் அண்ணன்.

"நீதாண்ணே."

"மூஞ்சி எங்க?"

"யாருக்குமே மூஞ்சி இல்லண்ணே. எனக்கும் இல்ல, இவருக்கும் இல்ல."

"காது மட்டும் இருக்கு?"

"அது இல்லாட்டி நீன்னு தெரியலண்ணே. நெறைய வெட்டிப் பாத்துட்டேன்."

அண்ணன் வண்டியை ஸ்டாண்டு போட்டார். "ஏன்டி, போன தடவை பூவு. இந்தத் தடவை காது. அடுத்த தடவை என்ன, மூக்கா?"

"வாயைப் போடு கமலா. அதுதான் பெருசு" என்றார் மஞ்சு அண்ணி.

சிரிப்பு வாசலிலிருந்து உள்ளே வரை போனது. அண்ணன் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. பிறகு ராஜராஜனைப் பார்த்து, "மாப்ள, வேட்டி இருக்கா? சேத்தோட உக்கார முடியாது" என்றார். பெரியப்பா மகன் தன் வேட்டியைக் கேட்பார்களோ என்று பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன்.

அண்ணன் கால் கழுவி, வேட்டி மாற்றி, மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தை அவர் மடியில் ஏறியதும் செய்த முதல் வேலை, அவருடைய காது ஒன்றைப் பிடித்து இழுத்ததுதான். ஆசாரி கம்பியைச் செருகினார். குழந்தை வீறிட்டது. அண்ணன் கண்களிலும் தண்ணீர் வந்தது. குழந்தை அழுததால்தான் என்று அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். பந்தியில் அவருக்கு அக்காதான் பரிமாறினார். பாயசம் வரும்வரை அவரை எழுந்திருக்க விடவில்லை.

பேனரின் படத்தையும் வெட்டிப் பார்த்த துண்டுகளையும் அடுத்த சனிக்கிழமை வகுப்பில் வைத்தார். சார் வெள்ளை வடிவத்தைப் புகழ்ந்தார். கூடவே, "கீழே எழுத்து ரொம்ப நெருக்கமா இருக்கு, கண்ணு அங்கதான் போகுது" என்று மதிப்பெண்ணும் குறைத்தார்.

"அது எங்க மாமனாரு சார். எடுத்தா மாமியார் வூட்டுக்குள்ள விடமாட்டாங்க."

"புரியுது. ஆனா மார்க்கு மார்க்குதான்."

"போடுங்க சார். நியாயம்தான்."

வகுப்பில் முதல் இடம் வேறொருவருக்குப் போனது. அக்கா அதற்குக் கைதட்டினார். பேனரை வகுப்புக்குக் கொண்டுவர முடியவில்லை. மக்காச்சோளம் காயவைக்க மாமியார் அதை ஏற்கெனவே மாடியில் விரித்திருந்தார்.

படிப்பு முடிந்தும் அவர் அதே கடையில்தான் இருக்கிறார். முகங்கள் நிறைந்த பேனர்களைத்தான் செய்கிறார். அரியலூரில் அவற்றைக் கேட்டுத்தான் ஆட்கள் வருகிறார்கள். அவர் அவற்றைக் கேலியாகப் பேசி நான் கேட்டதில்லை. அச்சுக்கு அனுப்பும் முன் முகங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பெயர் சொல்லிப் பார்ப்பதைக் கடைக்குப் போனபோது கண்டேன். காதுகளை மட்டும் இப்போது உள்ளே தள்ளுவதில்லை.

கடைசி வகுப்பு முடிந்து பெரம்பலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில், உட்கார இடம் கிடைத்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உன் கல்யாணத்துக்குப் பேனர் நான்தான் போடுவேன்."

"இன்னும் பேச்சே எடுக்கலக்கா."

"எடுக்கறப்ப எடுக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் செய்யணும் நீ. போட்டோ எல்லாம் மெதுவா அனுப்பு. அதுக்கு முன்னாடி, உங்க வூட்டுல யாரு கோச்சிக்கிட்டுப் பேசாம இருக்காங்களோ, அந்தப் பேரை மொதல்ல எனக்குச் சொல்லிடு."